ஏலக் களத்துக்கு வெளியே

2013 டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த 19 வயது மாணவர் ஒருவர், தன் நான்கு வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க ஈபே தளத்தில் தேடினார். எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுப் பெட்டி அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. 450 பவுண்டு கொடுத்து ஒன்றை வாங்கினார். தபாலில் வந்து சேர்ந்தது எக்ஸ்பாக்ஸ் இல்லை, அதன் புகைப்படம். பின்பக்கத்தில், வாங்கியதற்கு நன்றி என்று எழுதியிருந்தது.

விற்பனை அறிவிப்பின் தலைப்பிலேயே 'போட்டோ' என்ற சொல் இருந்தது. மாணவரும் அதைக் கவனித்திருந்தார். ஆனால் விளையாட்டுப் பெட்டிகளுக்கான பிரிவில்தான் அது போடப்பட்டிருந்தது. விற்றவருக்கு நல்ல மதிப்பீடும் இருந்தது. அந்த இரண்டையும் பார்த்த பிறகு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யார் சந்தேகப்படுவார்கள்? செய்தி பரவியதும் பணத்தைத் திருப்பித் தருவதாக ஈபே சொன்னது. அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், வியாபாரம் முழுவதும் அந்தத் தளத்துக்குள்ளேயே நடந்திருந்ததுதான். இதே மாணவர், "நேரா என் அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க, இருபது பவுண்டு குறைச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு மயங்கியிருந்தால், அந்தப் புகைப்படம் மட்டும்தான் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

ஆன்லைன் ஏலத்தில் ஏமாந்தவர்களின் கதைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெரும் நஷ்டங்கள் ஏலம் நடக்கும்போது வருவதில்லை. ஏலத்தை ஒட்டி, அந்தக் களத்தைவிட்டு வெளியே யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகும்போதுதான் வருகின்றன.

ஊரில் கோயில் தென்னந்தோப்பையோ குளத்து மீனையோ ஏலம் விடும்போது பொருள் கண்ணெதிரே இருக்கும். போட்டிக்குக் கேட்பவர் யார், யாருக்கு வேண்டியவர் என்பது கூட்டத்துக்கே தெரியும். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று சொல்பவரின் முகம் பார்த்த முகம். இணையத்தில் இவை எதுவும் கிடையாது. பொருள் என்பது படம், ஆள் என்பது ஒரு பயனர் பெயர். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் கலிஃபோர்னியாவில் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் ஈபேயைத் தொடங்கினார். முதலில் விற்றது பழுதான ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். முன்பின் தெரியாத இருவர் எப்படி நம்பி வியாபாரம் செய்வது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. சில மாதங்களிலேயே, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் பகிரங்கமாக மதிப்பீடு எழுதும் முறையை ஒமிட்யார் கொண்டுவந்தார்.

அந்த மதிப்பீட்டுக்குக் காசு மதிப்பு உண்டு என்பதைப் பால் ரெஸ்னிக்கும் அவருடைய சகாக்களும் சோதனை செய்தே காட்டினார்கள். நல்ல பெயர் எடுத்த ஒரு பழைய விற்பனையாளர் தம் பழங்காலத் தபால் அட்டைகளைத் தம் சொந்தக் கணக்கிலும், புதிதாகத் தொடங்கிய பெயரில்லாத கணக்குகளிலும் விற்றார். அதே ஆள், அதே ரக அட்டைகள். ஆனாலும் பழைய கணக்குக்கு மக்கள் சராசரியாக 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2006ல் இந்த ஆய்வு வெளியானது.

காசு மதிப்பு வந்துவிட்டால் போலியும் வரும். ஒரு சென்ட்டுக்கு மின்னூல் விற்றும் வாங்கியும் நூற்றுக்கணக்கில் நல்ல மதிப்பீடு சேர்த்துக்கொண்டு, பிறகு விலை உயர்ந்த பொருளை ஏலத்துக்கு விடுவது ஒரு காலத்தில் பெரிய தொழிலாகவே நடந்தது. 2008ல் டிஜிட்டல் பொருள்களை ஏலத்திலிருந்து ஈபே விலக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு வழி, நேர்மையான ஒருவரின் பழைய கணக்கையே கடவுச்சொல் திருடிக் கைப்பற்றுவது. ஆகவே 99 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக் கூடாது. மதிப்பீட்டுப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெயர் எதை விற்று வந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு வருடமாகக் குழந்தைத் துணிகளை மட்டும் விற்றுவிட்டு, பல மாதம் சும்மா கிடந்து, இந்த வாரம் திடீரென்று பத்து லேப்டாப்புகளை ஏலத்துக்குக் கொண்டுவந்திருக்கும் கணக்கு என்றால், அதை இப்போது இயக்குவது வேறு ஆளாக இருக்கலாம்.

களத்துக்குள்ளேயே நடக்கும் தில்லுமுல்லும் உண்டு. அதில் மிகப் பிரபலமானது 2000 மே மாதத்தில் நடந்தது. ஒரு பெரிய அரூப ஓவியம் ஈபேயில் 25 சென்ட் ஆரம்ப விலைக்கு வந்தது. விற்பவர் தன்னை ஒரு சாதாரணக் குடும்பஸ்தராகக் காட்டிக்கொண்டார். பெர்க்லியில் யாரோ வீட்டு வாசலில் பழைய பொருள் விற்றபோது வாங்கியதாம். வீட்டில் வைக்க மனைவி சம்மதிக்கவில்லையாம். குழந்தையின் விளையாட்டு வண்டி மோதி ஓவியத்தில் ஓட்டைகூட விழுந்துவிட்டதாம். ஓவியரின் பெயர் எங்கேயும் சொல்லப்படவில்லை. ஆனால் ஒரு மூலையில் 'ஆர்.டி. 52' என்ற எழுத்துகள் படத்தில் தெரிந்தன. கலை தெரிந்தவர்களுக்கு அது போதும். ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் 1952ல் வரைந்தது, விவரம் தெரியாத ஒருவரிடம் சிக்கியிருக்கிறது, அடிமாட்டு விலைக்கு அள்ளிவிடலாம் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். விலை 1,35,805 டாலரில் நின்றது.

உண்மையில் விற்றவர் கென்னத் வால்டன் என்ற வழக்கறிஞர். மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. பத்திரிகைகள் தோண்ட ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டது. தன் பொருளுக்கு அவரே வேறு பெயரில் ஏலம் கேட்டிருந்தார். அவரும் கூட்டாளிகள் இருவரும் நாற்பதுக்கு மேற்பட்ட போலிப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலை ஏற்றிவந்தது விசாரணையில் தெரிந்தது. விற்பனையை ஈபே ரத்து செய்தது. வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பின்னால் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். கூட்டாளிகளில் ஒருவர் தலைமறைவாகி, பிடிபட்டு, சிறைக்குப் போனார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, வால்டன் அந்த ஓவியத்தை டீபென்கார்ன் வரைந்தது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதுதான். வாங்க வந்தவர்கள்தான் தங்களுக்குத் தாங்களே அதைச் சொல்லிக்கொண்டார்கள். விற்பவனுக்குத் தெரியாத ரகசியம் தனக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றும் நொடி, ஏலத்தில் மிகவும் ஆபத்தான நொடி. 'தாத்தா பெட்டியில் கிடைத்தது, என்னவென்று தெரியவில்லை' என்ற விளம்பரங்கள் இன்றைக்கும் நாணயம், தபால்தலை, பழைய கேமரா, வெண்கலச் சிலை என்று எல்லாப் பிரிவிலும் இருக்கின்றன. பொருளைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். நாம் ஊகித்ததற்கு எந்தத் தளமும் உத்தரவாதம் தராது.

ஆள் வைத்து விலை ஏற்றுவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் முடியாததல்ல. ஈபேயில் கேட்பு வரலாற்றைத் திறந்தால், ஒவ்வொரு ஏலதாரரும் அண்மையில் இதே விற்பனையாளரிடம் எத்தனை சதவீதம் கேட்டிருக்கிறார் என்ற விவரம் வரும். புதுக் கணக்கு, எல்லாக் கேட்பும் ஒரே விற்பனையாளரிடம், ஒன்றைக்கூட எடுத்ததில்லை என்றால் ஒதுங்கிவிடுவது நல்லது. இந்த ஏற்றிவிடும் ஆளுக்கு உதவுவது தானியங்கிக் கேட்பு முறை. நீங்கள் ஒரு லென்ஸுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று போட்டுவைத்தால், தளம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டு, போட்டிக்கு ஏற்பச் சிறிது சிறிதாக உங்கள் சார்பில் உயர்த்தும். வேறு யாரும் 2,000க்கு மேல் கேட்காவிட்டால் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கே கிடைத்துவிடும். விற்பவரின் ஆளோ நூறு நூறாக ஏற்றி, உங்கள் உச்சவரம்பு எங்கே என்று தட்டித் தட்டிப் பார்ப்பான்.

அனுபவசாலிகள் இதனால்தான் கடைசி நொடி வரை வாயைத் திறப்பதில்லை. ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ், பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத் என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2002ல் எழுதினார்கள். ஈபேயில் குறித்த நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். அங்கே கடைசி நிமிடக் கேட்புகள் குவிந்தன. அப்போது அமேசான் நடத்திய ஏலத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீளும்; அங்கே அந்த முண்டியடிப்பு மிகவும் குறைவு. எந்தத் தளமானாலும் சாதாரண வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான். அதே பொருள் முன்பு என்ன விலைக்கு முடிந்தது என்று முடிந்துபோன ஏலங்களில் தேடிப் பார்த்து, தன் உச்சவரம்பைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, பிறகு கேட்க உட்கார வேண்டும்.

இனி, களத்துக்கு வெளியே. ஏலத்தில் ஒரு பொருளைக் கேட்டுத் தோற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மின்னஞ்சல் வருகிறது: 'ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. அடுத்து நீங்கள்தான். நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன்.' இப்படி இரண்டாம் வாய்ப்பு தரும் ஏற்பாடு ஈபேயில் உண்மையாகவே இருக்கிறது. உண்மையான வாய்ப்பு உங்கள் ஈபே கணக்கின் செய்திப் பகுதியிலும் தெரியும்; போலி வெறும் மின்னஞ்சலில் மட்டும் இருக்கும், பணத்தை வேறெங்கோ கட்டச் சொல்லும். யார் எவ்வளவு கேட்டுத் தோற்றார்கள் என்று பார்த்து இப்படி வலை விரித்தவர்கள் அதிகமானதால்தான் ஏலதாரர்களின் முழுப் பயனர் பெயரை மற்றவர்களுக்குக் காட்டுவதையே ஈபே நிறுத்த வேண்டிவந்தது.

2004ல் அமெரிக்க இணையக் குற்றப் புகார் மையம் விசாரணைக்கு அனுப்பிய புகார்களில் 71 சதவீதம் ஏல மோசடி பற்றியவை. அந்தக் காலகட்டத்தை ஒட்டித்தான் ருமேனியாவில் ஒரு கும்பல் கிளம்பியது. புக்கரெஸ்ட்டிலிருந்து இயங்கிய இவர்கள் ஈபேயிலும் அதைப் போன்ற தளங்களிலும் கார், மோட்டார் சைக்கிள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலி விற்பனை அறிவிப்புகளைப் போட்டார்கள். காரின் படத்தில்தான் விஷம். அதைத் திறந்ததும் கணினியில் ஒரு நச்சு நிரல் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு அந்தக் கணினியில் ஈபே என்று தெரியும் பக்கங்கள், விற்பவரின் மதிப்பீடு உட்பட, அவர்கள் தயாரித்தவையாக இருக்கும். வாங்குபவர் முகவரியைச் சரிபார்த்தாலும் பிடிபடாது. முடிவில், பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் ஈபே இடைத்தரகர் என்று ஒருவரைக் காட்டிப் பணத்தை அனுப்பச் சொல்வார்கள். அப்படி ஓர் ஈபே இடைத்தரகரே கிடையாது. கும்பல் கூலிக்கு வைத்திருந்த ஆள் அவர். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இவர்கள் கைக்குள் போயின. பல வருட விசாரணைக்குப் பின் 2019ல் அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம் இருவருக்கு 20, 18 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது.

கணினியையே கைப்பற்றுகிறவர்களிடம் சாதாரண மனிதர் எப்படித் தப்புவது? அந்தக் கும்பலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நின்றது: பணம் எந்த வழியாகப் போகிறது? கிரெடிட் கார்டு மூலமாகவோ தளத்தின் சொந்தக் கட்டண வசதியிலோ போனால் திரும்ப வர வழி உண்டு. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினாலோ, பணப் பரிமாற்ற நிறுவனத்தில் கட்டினாலோ, பரிசு அட்டை எண்ணைப் படித்துச் சொன்னாலோ அநேகமாகப் போனது போனதுதான். பேபால் என்ற கட்டணச் சேவையிலும் இரண்டு வகை இருக்கிறது. பொருளுக்காகச் செலுத்துவது ஒன்று. நண்பருக்கும் உறவினருக்கும் அனுப்புவது மற்றொன்று. 'கமிஷன் மிச்சமாகும், நண்பர் என்று போட்டு அனுப்புங்கள்' என்று விற்பவர் சொன்னால், வாங்குபவருக்கான பாதுகாப்பை விட்டுக்கொடுங்கள் என்கிறார் என்று பொருள். ஈபேயின் பணம் திருப்பித் தரும் உத்தரவாதமும் தளத்துக்கு வெளியே செலுத்திய பணத்துக்குக் கிடையாது. வாகனங்களுக்கும் அது பொருந்தாது. கார் மோசடிக்காரர்கள் குறிவைத்த இடம் எது என்று இதிலிருந்தே புரியும்.

பணம் கட்டிய பிறகும் விழிப்பு வேண்டும். அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் ஒரு தந்திரம் இது: உங்கள் பொருளுக்குப் பதிலாக, உங்கள் பின்கோடுக்குள்ளேயே வேறு ஏதோ முகவரிக்கு ஒரு வெற்று உறையை அனுப்பிவிடுவார்கள். தடம்காட்டும் எண்ணைப் போட்டால் உங்கள் ஊரில் பட்டுவாடா ஆகிவிட்டதாகக் காட்டும். பொருள் வரவில்லை என்று புகார் செய்தால், விற்பவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார். அப்போது தபால் நிலையத்துக்கோ கூரியர் அலுவலகத்துக்கோ போய், எந்தக் கதவு எண்ணில் கொடுத்தார்கள், பொதியின் எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிப் புகாரோடு சேர்க்க வேண்டும். ஐந்து கிலோ பொருளுக்கு இருபது கிராம் எடை என்றால் அதற்கு மேல் வாதம் தேவையில்லை. பொதியைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பத்திலிருந்தே மொபைலில் வீடியோ எடுத்துவைப்பதும் பின்னால் கைகொடுக்கும்.

பெயரில் மட்டும் ஏலமாக இருப்பவையும் உண்டு. ஒவ்வொரு கேட்புக்கும் கட்டணம் வாங்கும் 'பென்னி ஏலம்' அந்த வகை. ஒரு கேட்புக்கு 60 சென்ட், அதனால் விலை ஏறுவது ஒரு சென்ட் என்று வையுங்கள். ஒரு கேமரா 50 டாலருக்குப் போனால் ஜெயித்தவர் ஆஹா என்பார். ஆனால் அந்த 50 டாலரை எட்ட 5,000 கேட்புகள், அதாவது 3,000 டாலர், எல்லோரிடமிருந்தும் வசூலாகியிருக்கும். தோற்றவர்களுக்கு ஒன்றும் திரும்ப வராது. இந்த வகையில் பெயர்பெற்ற ஸ்வூப்போ 2011ல் திவாலானது.

இந்தியாவில் ஈபே 2004ல் பாஸீ தளத்தை வாங்கிக் காலூன்றியது. 2018ல் இங்குள்ள தளம் மூடப்பட்டது. ஆனாலும் தபால்தலையும் நாணயமும் லென்ஸும் தேடுகிறவர்கள் வெளிநாட்டு ஏலங்களில் கேட்டு வரவழைப்பது நிற்கவில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு வலை இருக்கிறது. பொதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அழைப்பு வரும்: "சார், கஸ்டம்ஸ்ல இருந்து பேசுறோம். உங்க பார்சல் இங்க நிக்குது. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள டூட்டி கட்டலைன்னா கேஸ் ஆயிடும். இந்த நம்பருக்கு ஜீபே பண்ணிடுங்க." சுங்கத் துறை தனிநபரின் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. அதன் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கும். மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு ஏலத்தில் லட்சம் லட்சமாகக் கிடைக்கும் என்ற விளம்பரங்கள் இன்னொரு கொடுமை. இங்கே ஏமாறுவது விற்க வருகிறவர். வாங்க ஆள் தயார், பதிவுக் கட்டணமும் வரியும் கமிஷனும் முதலில் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு கடிதம் வரும். தான் அப்படிப்பட்ட வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்போடு இறங்கும் ஆன்லைன் ஏலம் ஒன்று உண்டென்றால், அது கடன் கட்டாதவர்களின் சொத்துகளை வங்கிகள் விடும் ஏலம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நடப்பது. 2025 ஜனவரியில் இதற்கென 'பாங்க்நெட்' என்ற பொதுத் தளத்தை மத்திய நிதியமைச்சகம் தொடங்கியது. வழக்கமாக அடிவிலையில் 10 சதவீதத்தை முன்பணமாகக் கட்டித்தான் ஏலத்தில் நுழைய முடியும். அந்த முன்பணத்தைக் குறிவைத்து யார் வேண்டுமானாலும் போலித் தளத்தையும் வாட்ஸ்அப் விளம்பரத்தையும் தயாரித்துவிடலாம். ஆனால் அசலான ஏலத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. வங்கி தன் அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து, அதில் பெயர் குறிப்பிட்டுள்ள வங்கிக் கிளைக்கு நேரில் போய், அதிகாரம் பெற்ற அலுவலரைப் பார்த்த பிறகே ஒரு ரூபாய் என்றாலும் கட்ட வேண்டும்.

மோசடி இல்லாத அசல் ஏலத்திலும் பள்ளங்கள் உள்ளன. 'உள்ளது உள்ளபடி' என்றுதான் வங்கி விற்கும். சொத்து வங்கியின் கையில் உண்மையாக இருக்கிறதா, அல்லது காகித அளவில் மட்டும் சுவாதீனம் எடுத்து உள்ளே பழைய உரிமையாளரோ வாடகைதாரரோ குடியிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கத்தைப் பார்த்துவிடலாம்; வரி பாக்கியை உள்ளாட்சி அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஏலம் படிந்தால் அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம் கட்டியாக வேண்டும், மீதியை விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். வீட்டுக் கடன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கேட்டு, கடன் தாமதமானால் கட்டிய அந்த 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம். அது சட்டப்படி சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பதுதான் பெரிய இழப்பு. இந்தியாவில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க அந்த ஏற்பாடு உதவுகிறது. தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பரிவர்த்தனை எண், விற்பவரின் பயனர் பெயர், அரட்டை, விற்பனைப் பக்கத்தின் படம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். மோசடிக்காரர் முதலில் அழிப்பது அந்தப் பக்கத்தைத்தான். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும், தளத்தில் கட்டியிருந்தால் தளத்திடமும் அதே நாளில் எழுத்தில் புகார் போக வேண்டும். ஈபேயில் பொதுவாகப் பொருள் வந்த நாளிலிருந்தோ, வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்தோ 30 நாள் கெடு. 'பொருள் வழியில் இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்' என்று விற்பவர் இழுத்தடிப்பது பல சமயம் அந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான்.

புகார் கொடுத்த சில வாரங்களில், போன பணத்தை மீட்டுத் தருகிறோம், ஐயாயிரம் ரூபாய் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வக்கீல் பெயரிலோ போலீஸ் பெயரிலோ ஒருவர் அழைக்கக்கூடும். ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மோசடிக்காரர்களிடையே கைமாறுகிறது. அழைத்தவரின் எண்ணையும் பேசியதையும் குறித்துக்கொண்டு, அதே புகாரில் அதையும் சேர்த்துவிட வேண்டும்.